நியமன உறுப்பினர்

இரட்டைமலை சீனிவாசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அவருடைய பட்டங்களிலிருந்து தொடங்குகிறார்கள். 1893-ல் அவர் நடத்த ஆரம்பித்த பத்திரிகையின் பெயரிலிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குப் படுகிறது. 'பறையன்'. வசையாகப் புழங்கிய சொல்லை முகப்பிலேயே அச்சிட்டார். எம்.சி. ராஜா எதிர்த்திசையில் போனார். 1922-ல் சென்னை மாகாண சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசாங்க ஏடுகளில் அச்சொல்லுக்குப் பதில் 'ஆதி திராவிடர்' என்று எழுதவைத்தார். தன் பெயரைத் தானே தீர்மானிக்கும் உரிமைதான் இருவருக்கும் பிரச்னை.

தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து திரும்பிய சீனிவாசன் 1923-ல் அதே சபைக்கு வந்தார். ஓட்டு வாங்கி வரவில்லை, நியமனம். அமெரிக்கக் கறுப்பர்களின் கதை வேறு. 1870-ல் ஹைரம் ரெவல்ஸ் செனட்டிலும் ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபையிலும் நுழைந்ததற்குப் பின்னால் விடுதலை பெற்றவர்களின் ஓட்டு இருந்தது. தென் மாநிலங்கள் அந்த ஓட்டைப் பறித்தன. 1901-ல் ஜார்ஜ் ஒயிட் வெளியேறியபின் 1929 வரை காங்கிரசில் ஒரு கறுப்பரும் இல்லை. இங்கோ, சொத்துள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த காலத்தில், இடம் மட்டும் மேலிருந்து வந்தது.

அந்த இடத்தை வைத்துக்கொண்டு சீனிவாசன் என்ன கேட்டார்? பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் யாரும் தண்ணீர் எடுக்கலாம் என்பதே 1924-ல் அவர் கொண்டுவந்த தீர்மானம். சபை ஏற்றது, அரசாணையும் வந்தது. சட்டசபையில் நாற்காலி உள்ளவரின் ஜனங்களுக்கு ஊர்த் தெருவில் நடக்க ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது.

பிறகு அம்பேத்கருடன் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். அதைக் கைவிட்ட 1932 பூனா ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். அதில் ஒரு ஷரத்து மிஞ்சியிருந்தது: ஒதுக்கிய இடத்துக்கு நால்வரைத் தாழ்த்தப்பட்டோரே முதலில் பொறுக்குவார்கள், அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பத்தாண்டுக் கெடு. 1950-ன் அரசியல் சட்டத்தில் அது இல்லை.

நான் இருக்கும் சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதி. கொல்லிமலை முழுதும் இதற்குள் அடங்கும். ஆனால் வாக்காளரில் பெரும்பாலோர் அடிவாரத்துச் சமவெளிக்காரர்கள். பழங்குடியினர் மட்டுமே நிற்கலாம்; ஜெயிப்பது யார் என்பது கீழேதான் முடிவாகிறது. கவர்னர் இருந்த ஸ்தானத்தில் கட்சி.

ஆகவே ஒதுக்கீடே வீண் என்பவர்களுடன் நான் சேரமாட்டேன். ஓட்டே இல்லாமல் வந்த மனிதர் தெருவையும் கிணற்றையும் கேட்டார். ஓட்டு வாங்கி வருகிறவர்கள் மலைக்காக எதைக் கேட்டார்கள் என்று சபைக்குறிப்புகளைப் புரட்டிப் பார்க்க வேண்டிய வேலை நம்முடையது.