போதகரின் விதவையும் ஆயுள் காப்பீடும்: ஸ்காட்லாந்துத் திருச்சபை வரலாற்றில் ஒரு பாடம்

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் ஒரு பெண் எலிசாவிடம் வந்து முறையிடுகிறாள். தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவனுடைய மனைவி அவள். இன்றைய வழக்கில் கூறினால், இறையியல் மாணவர் ஒருவரின் விதவை. அவளுடைய கணவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன் என்பதை எலிசாவும் அறிவான். ஆயினும் அவன் விட்டுச் சென்றது கடனே. கடன் கொடுத்தவன் அவளுடைய குமாரர் இருவரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்துவிட்டான். பக்தியுள்ள ஊழியன் மரித்தபின் அவன் வீட்டாரின் கதி என்ன என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

ஆயுள் காப்பீடு செய்துகொள்வது விசுவாசத்திற்கு ஏற்றதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நாளைக்காகக் கவலைப்படலாகாது என்னும் மலைப்பிரசங்கப் போதனையையும், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய ஐசுவரியவானின் உவமையையும் ஒரு சாரார் எடுத்துக்காட்டுவர். தன் வீட்டாரைப் பேணாதவனைக் குறித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடுமையான எச்சரிப்பை மறு சாரார் எடுத்துக்காட்டுவர். இவ்வாறு வசனத்திற்கு எதிராக வசனத்தை நிறுத்துவதால் வழக்குத் தீர்வதில்லை. ஆகவே, இவ்வினாவைத் தன் சொந்த வீட்டு வினாவாகவே சந்தித்த ஒரு திருச்சபையின் வரலாற்றை நோக்குவது பயன் தரும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் போதகரின் சம்பளமும் குருமனையும் அவர் உயிரோடிருக்கும் வரைக்குமே உரியவை. அவர் மரித்தபின் அரையாண்டுச் சம்பளம் குடும்பத்தைச் சேரும். அதன்பின் குருமனை அடுத்த போதகருக்கு உரியது. நேற்றுவரை ஊரார் மதித்த குடும்பம் இன்று உறவினரின் தயவை நாடி நிற்கும். சபையார் காணிக்கை திரட்டி உதவியதுண்டு. ஆனால் அவ்வுதவி இரக்கத்தைப் பொறுத்ததேயன்றி உரிமையைப் பொறுத்ததன்று.

இந்நிலையை மாற்ற முனைந்தோர் எடின்பரோ நகரப் போதகர்கள் இருவர். ஒருவர் ராபர்ட் வாலஸ். 1743ஆம் ஆண்டுப் பொதுப்பேரவையின் தலைவர். மற்றவர் அலெக்சாண்டர் வெப்ஸ்டர். 1742இல் கேம்பஸ்லாங் என்னும் ஊரில் பெரும் எழுப்புதல் உண்டானபோது, அது பரிசுத்த ஆவியானவரின் செயலே என்று நூல் எழுதி வாதாடியவர் இந்த வெப்ஸ்டரே. அதே மனிதர் அடுத்த ஆண்டிலேயே போதகர்களின் மரண விகிதத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஆவியானவரை நம்புதலும் கணக்கிடுதலும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் கருதவில்லை.

அவர்கள் நாடெங்கும் உள்ள போதகக் குடும்பங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினர். ஏறத்தாழ 930 போதகர்கள் எக்காலமும் பணியிலிருப்பர். அவர்களுள் ஆண்டுதோறும் சராசரியாக 27 பேர் மரிப்பர். அவர்களில் 18 பேர் விதவைகளை விட்டுச் செல்வர் என்று கண்டனர். இன்னார் மரிப்பார் என்று கூற எவராலும் இயலாது; ஆயினும் இத்தனை பேர் மரிப்பர் என்று கூற இயன்றது. இதற்கு வானியலறிஞர் எட்மண்ட் ஹாலி 1693இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணை துணைநின்றது. அவ்வட்டவணைக்கு ஆதாரம் இன்று போலந்து நாட்டிலுள்ள பிரெஸ்லவு நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகள். அவற்றைத் தொகுத்தவர் காஸ்பர் நாய்மன் என்னும் லுத்தரன் போதகர். நாம் வெறும் அலுவலகக் கடமையாக எழுதி வைக்கும் அடக்கப் பதிவேடு விதவையின் அப்பத்திற்கு வழிகாட்டிற்று!

கணக்கைச் சரிபார்த்தவர் எடின்பரோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் காலின் மக்லாரின். இவர் ஒரு போதகரின் மகன். பிறந்த சில வாரங்களில் தந்தையை இழந்து, ஒன்பது வயதளவில் தாயையும் இழந்து, போதகரான சிற்றப்பனின் வீட்டில் வளர்ந்தவர். போதகரின் அநாதைப் பிள்ளை என்பது அவருக்கு வெறும் எண்ணிக்கையாக இருந்திருக்க முடியாது.

1744இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இத்திட்டம் நிலைபெற்றது. போதகர் ஆண்டுதோறும் செலுத்தும் தொகை நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. கீழ்ப்படி 2 பவுன் 12 ஷில்லிங் 6 பென்ஸ். மேற்படி 6 பவுன் 11 ஷில்லிங் 3 பென்ஸ். அதற்கேற்ப விதவைக்கு ஆண்டுதோறும் 10 முதல் 25 பவுன் வரை கிடைத்தது. புதிதாகப் பணியேற்போர் யாவரும் சேரவேண்டும் என்பது விதி. மணமாகாதோரும் மனைவியை இழந்தோரும் இதற்கு விலக்கல்லர். தனக்கு ஆதாயமில்லாத போதகனும் தன் சகோதரனின் விதவைக்காகச் செலுத்தினான். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமத்தல் என்னும் அப்போஸ்தலக் கட்டளை இங்கே கணக்கேட்டில் இடம்பெற்றது எனலாம்.

காப்பீட்டின் வரலாறு முழுவதும் இத்தகைய ஒளியுடையதன்று. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில், தமக்கு எவ்விதத் தொடர்புமில்லாதவரின் உயிர்மேல் காப்பீடு எடுத்து, அவருடைய சாவால் ஆதாயம் தேடும் சூதாட்டம் பரவியிருந்தது. 1774ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தடைசெய்தது. கருவி ஒன்றே, அன்பு அதை விதவையின் கேடயமாக்கிற்று, பேராசை அதைச் சூதாட்டப் பலகையாக்கிற்று. மேலும், ஸ்காட்லாந்துத் திட்டமும் போதகர்களையும் பல்கலைக்கழக ஆசிரியர்களையும் மட்டுமே காத்தது. ஆலயத்தில் மணியடித்தவனின் விதவை அதற்குப் புறம்பே நின்றாள். செலுத்த வல்லவரை மட்டும் காப்பது காப்பீட்டின் இயல்பான குறை. திருச்சபை இதை மறக்கலாகாது.

காப்பீட்டை முற்றிலும் மறுப்போரும் உளர். அமெரிக்காவின் ஆமிஷ் சபையார் தேவ பராமரிப்பில் வைத்த நம்பிக்கையால் ஆயுள் காப்பீட்டை ஏற்பதில்லை. 1965இல் அந்நாட்டுச் சட்டம் சுயதொழில் செய்யும் ஆமிஷ் மக்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து விலக்களித்தது. தங்களைச் சார்ந்தோரை அச்சபையார் தாங்களே பராமரித்து வரவேண்டும் என்பது அவ்விலக்கின் நிபந்தனைகளுள் ஒன்று. ஆமிஷ் சபையில் ஒருவன் மரித்தால் அயலார் அவன் வீட்டாரைத் தாங்குகின்றனர். காப்பீட்டை மறுக்கும் அவர்களது விசுவாசம் உண்மையானது. ஏனெனில் அதன் விலையை விதவை தனியே செலுத்துவதில்லை, சபை முழுவதும் செலுத்துகிறது.

என்னோடு பயின்ற போதகர் ஒருவர் நாற்பத்தைந்து வயதில் திடீரென மரித்தார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று கூறிக் காப்பீட்டை மறுத்து வந்தவர். அடக்க ஆராதனையில் அவருடைய விசுவாசத்தைப் புகழ்ந்து பேசியோருள் நானும் ஒருவன். மூன்றாம் மாதத்தில் அவருடைய மனைவி குருமனையைக் காலிசெய்து, பிள்ளைகளோடு தமையன் வீட்டுத் திண்ணையறைக்குப் போனார். அந்த விசுவாசத்தின் விலையைச் செலுத்தியவர் யார் என்று அன்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். புகழ்ந்து பேசிய நாங்கள் அல்ல.

ஆகவே, காப்பீடு விசுவாசக் குறைவா என்பது முதல் வினாவன்று. நான் மரித்தால் என் பாரம் யாருடைய தோளில் விழும் என்பதே முதல் வினா. அதைச் சுமக்கச் சபை ஆயத்தமாயிருந்தால், காப்பீடு இன்றியும் வாழலாம். ஆயத்தமாயில்லையெனில், தன் வீட்டாருக்காகச் சிறு தொகையேனும் செலுத்தி வருவது அன்பின் கடமை. நாளையைக் குறித்துக் கவலைப்படாதிருத்தல் ஒருவன் தன் காரியத்தில் கொள்ளவேண்டிய நம்பிக்கை. அதைப் பிறருடைய பட்டினியால் மெய்ப்பிக்க அவனுக்கு அதிகாரமில்லை.

எலிசா அந்த விதவைக்கு விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டான். அயலாரின் பாத்திரங்களை வாங்கிவரச் சொன்னான். எண்ணெயை விற்றுக் கடன் தீர்த்தபின், மீந்ததைக்கொண்டு அவளும் பிள்ளைகளும் பிழைக்கவும் வழி செய்தான். அற்புதம் கர்த்தருடையது, பாத்திரங்கள் அயலாருடையவை. நம் சபைகளில் அப்பாத்திரங்கள் எங்கே என்று தேடுவது நம் கடமை.