காவன்: ஒரு பரிசு யானையின் இடமாற்றம்

இலங்கை யானைகள் கடல் கடந்து சென்ற வரலாறு மிகப் பழையது. ஒல்லாந்தர் ஆட்சியில், வன்னியிலே பிடிக்கப்பட்டவை ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றப்பட்டன. அன்று யானை வணிகப் பொருள். சுதந்திரத்தின் பின் அது அரசுகளின் நட்புக்குச் சின்னமாயிற்று. ஏற்றுமதி பரிசாக மாறியதேயன்றி, ஏற்றப்பட்ட விலங்கின் நிலை பெரிதும் மாறவில்லை. காவன் என்னும் யானையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

காவன், இலங்கை அரசு 1985 இல் பாகிஸ்தானுக்கு வழங்கிய ஆண் கன்று. அப்பொழுது அதன் வயது ஏறத்தாழ ஒன்று. யானைக் கன்று இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் தாய்ப்பால் அருந்துவது. முதிய பெண் யானையொன்றின் தலைமையில் இயங்கும் கூட்டத்திலே, தாய்க்கும் தாயின் உடன்பிறந்தவற்றுக்கும் நடுவே நின்று, எதனை உண்பது, எதற்கு அஞ்சுவது, பிற யானைகளோடு எவ்வாறு பழகுவது என்பவற்றை அது கற்கின்றது. ஆண் கன்று கூட்டத்தை விட்டு விலகுவது பத்துப் பதினைந்து வயதளவிலேயே. எனவே காவன் இழந்தது காட்டை மட்டுமன்று. யானையாக வாழக் கற்கும் பருவம் முழுவதையுமாகும். பரிசளிப்புக்குரிய கோவைகளில் இத்தகைய இழப்புக்கு இடமிருப்பதில்லை.

இஸ்லாமாபாத் மிருகக்காட்சிச்சாலையில் அதற்குப் பின்னர் ஒரு துணை கிடைத்தது. வங்காளதேசத்திலிருந்து வந்த அப்பெண் யானையின் பெயர் சஹேலி; உருது மொழியில் ‘தோழி’ என்பது பொருள். 2012 இல் சஹேலி இறந்தபின் எட்டாண்டுகள் காவன் வேறு யானையைக் காணவில்லை. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த காலமும் உண்டு. அது தலையை ஓயாது இருபுறமும் அசைத்துக்கொண்டு நின்றது. மனநலிவின் அறிகுறியாகிய இவ்வசைவைக் கோயில் வீதிகளிற் கட்டப்பட்டு நிற்கும் யானைகளிடத்துங் காணலாம். அதனை ஆட்டமென்று கண்டு மகிழ்வோரும் உளர்.

2020 மே 21 ஆம் திகதி இஸ்லாமாபாத் மேல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, விலங்குகளுக்குச் சட்டபூர்வமான உரிமைகள் உண்டென ஏற்று, காவனைத் தகுந்த சரணாலயத்துக்கு மாற்றுமாறு பணித்தது. பரிசு எத்துணை மனமுவந்து கொடுக்கப்பட்டதாயினும் பெற்றவரின் உடைமையாக மட்டும் அவ்வுயிர் கருதப்படலாகாது என்பதே இத்தீர்ப்பின் உட்கிடை எனலாம்.

இடமாற்றம் எளிதாயிருக்கவில்லை. மிருக வைத்தியர் அமீர் கலீல் குழுவினர் பல வாரங்களாக அதனைப் பயணக் கூட்டினுள் நுழையப் பழக்கினர். அவர் பாட்டுப் பாடியும் அதன் நம்பிக்கையைப் பெற்றார். நவம்பர் இறுதியில் விமானமூலம் கம்போடியாவைச் சென்றடைந்த காவன், அங்கு வேலிக்கப்பால் நின்ற யானையொன்றின் துதிக்கையைத் தன் துதிக்கையால் தொட்டது. பரந்த நிலத்தினும் அத்தொடுகையே அவ்விடமாற்றத்தின் பெரும்பயன் எனக் கொள்ளல் தகும். எனினும் முப்பத்தைந்து ஆண்டுகளிற் கற்காததை அதன்பின் முற்றாகக் கற்பது அரிது.

பரிசு கொடுத்த இலங்கை, பரிசு பெற்ற நாடாகவும் இதே கேள்விக்கு முகங்கொடுத்தது. 2001 இல் தாய்லாந்து வழங்கிய முத்துராஜா, முன்னங்கால் ஒன்றை மடக்க இயலாத நிலையில், 2023 யூலை 2 ஆம் திகதி கொழும்பிலிருந்து விமானத்தில் தாயகம் மீண்டது.