பிணம் சுமந்த பொய்யும் சில புத்தகங்களும்

த்ரில்லர் என்றால் கட்டுக்கதை, 'நான்-ஃபிக்‌ஷன்' என்றால் நடந்த கதை. புத்தகக் கடையில் அலமாரியைப் பிரிப்பதே இப்படித்தான். ஆனால் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுத்துறை செய்த ஒரு தில்லாலங்கடி வேலை பற்றி வந்திருக்கும் புத்தகங்களை வரிசையாகப் படித்தால் இந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும்.

ஆரம்பமே ஒரு துப்பறியும் நாவலில்தான். பேசில் தாம்சன் என்று ஒருவர். ஸ்காட்லாந்து யார்டில் பெரிய பதவியில் இருந்துவிட்டு, பிற்காலத்தில் நாவல் எழுத உட்கார்ந்தவர். 1937-ல் அவர் எழுதிய 'தி மில்லினர்ஸ் ஹாட் மிஸ்டரி'யில் செத்துக் கிடக்கும் ஒருவனிடம் அகப்படும் காகிதங்கள் எல்லாமே போலி. அவ்வளவுதான் விஷயம்.

1939 செப்டம்பர், போர் மூண்ட அதே மாதம். பிரிட்டிஷ் கடற்படை உளவுப்பிரிவின் தலைவர் ஜான் காட்ஃப்ரே, எதிரியை ஏமாற்ற என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் அனுப்புகிறார். அதில் 28-வது யோசனை, தாம்சன் பெயரைச் சொல்லியே அவருடைய புத்தகம் ஒன்றைக் குறிப்பிடுகிறது: ஒரு பிணத்துக்கு விமானப்படை உடுப்பு மாட்டி, பையில் பொய்க் கடிதங்களை வைத்துக் கடற்கரையில் ஒதுங்க விட்டால் என்ன? பட்டியலில் கையெழுத்து காட்ஃப்ரேயுடையது. எழுதியது பெரும்பாலும் அவருடைய உதவியாளராகத்தான் இருக்கும் என்கிறார்கள். அந்த உதவியாளர் இயன் ஃப்ளெமிங். ஆமாம், பிற்பாடு ஜேம்ஸ் பாண்டை எழுதிய அதே ஃப்ளெமிங்தான்!

மூன்று வருஷம் அந்த யோசனை ஃபைலில் தூங்கியது. 1943-ல் வட ஆப்பிரிக்காவில் நேச நாட்டுப் படைகள் ஜெயிக்கும் நிலை. அடுத்து எங்கே இறங்குவார்கள்? வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் தெரியும், சிசிலி. ஜெர்மானியர்களுக்கும் தெரியும். அவர்களை வேறு பக்கம் பார்க்க வைக்க வேண்டும். விமானப்படை அதிகாரி சார்லஸ் சம்லியும் கடற்படை உளவுப்பிரிவில் இருந்த வக்கீல் யூவன் மாண்டேகுவும் 28-வது யோசனையை உயிர்ப்பித்தார்கள். (மாண்டேகு என்ற பெயர் நம் பள்ளிப் பாடத்தில் வந்ததுதான். 1919 மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் எட்வின் மாண்டேகு, இவருடைய சித்தப்பா.) திட்டத்தின் பெயர் 'ஆபரேஷன் மின்ஸ்மீட்'. பிணத்தை வைத்துச் செய்யும் வேலைக்கு இந்தப் பெயரா என்று கேட்கக்கூடாது.

பிணம் கிடைத்தது. அதற்கு 'வில்லியம் மார்ட்டின், ராயல் மரைன்ஸ் மேஜர்' என்று பெயர் வைத்தார்கள். இதற்குப் பிறகு அவர்கள் செய்ததைப் படிக்கும்போதுதான் நாவலாசிரியர்களே பொறாமைப்படுவார்கள் போலிருக்கிறது. மார்ட்டினுக்கு ஒரு காதலி வேண்டும். உளவுத்துறை அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் புகைப்படம் 'பாம்' என்ற பெயரில் சட்டைப்பைக்குள் போனது. கூடவே காதல் கடிதங்கள், நிச்சயதார்த்த மோதிரம் வாங்கிய பில், அப்பா எழுதிய கறாரான கடிதம், நாடகக் கொட்டகையில் கிழித்த டிக்கெட். எல்லாவற்றையும் விட அழகு, லாயிட்ஸ் வங்கியிலிருந்து வந்த ஒரு கடிதம். ஓவர்டிராஃப்ட் 79 பவுண்டு 19 ஷில்லிங் 2 பென்ஸ், உடனே கட்டவும்! ரவுண்டாக 80 பவுண்டு என்று போட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அந்த 2 பென்ஸ்தான் மார்ட்டினை உயிரோடு நடமாட வைக்கிறது. கணக்குப் பார்க்காமல் மோதிரம் வாங்கிவிட்டு வங்கியிடம் திட்டு வாங்கும் ஓர் இளைஞன் போலி என்று யாருக்குத் தோன்றும்?

நிஜமான தூண்டில் பெட்டிக்குள் இருந்தது. தளபதி நை, தளபதி அலெக்ஸாண்டருக்கு எழுதிய சொந்தக் கடிதம். கிரீஸில் இறங்கப் போகிறோம் என்று அதில் ஜாடை. இன்னொரு கடிதம் மவுண்ட்பேட்டனுடையது. ஆம், நம் கடைசி வைஸ்ராய். அதில் சார்டின் மீன் பற்றி ஒரு மொக்கை ஜோக். சார்டினியா தீவைக் கோடி காட்டத்தான்.

1943 ஏப்ரல் 30 விடிவதற்கு முன்னால், 'செராஃப்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஸ்பெயினின் ஹுவெல்வா ஊருக்கு அருகே பிணத்தைக் கடலில் விட்டது. ஒரு மீனவர் கண்டெடுத்தார். ஸ்பெயின் நடுநிலை நாடு என்று பெயர்தானே ஒழிய, அங்கே ஜெர்மனிக்கு வேண்டியவர்கள் நிறைய. முத்திரையை உடைக்காமல், கடிதத்தை ஒரு மெல்லிய கம்பியில் சுருட்டி வெளியே இழுத்து, நகல் எடுத்து, பழையபடி உள்ளே வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெர்லின் நம்பியது. ஹிட்லரும் நம்பினார். ஒரு பான்ஸர் டிவிஷனே பிரான்ஸிலிருந்து கிரீஸுக்குக் கிளம்பியது. ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின.

இனி புத்தகங்கள்.

போர் முடிந்தும் இது பரம ரகசியம். 1950-ல் முன்னாள் அமைச்சர் டஃப் கூப்பர் 'ஆபரேஷன் ஹார்ட்பிரேக்' என்று ஒரு நாவல் எழுதினார். அரசாங்கம் தடுக்கப் பார்த்தும் வெளியிட்டார். போருக்குப் போகவேண்டும் என்று ஆயுள் முழுக்க ஏங்கியும் வாய்ப்பே கிடைக்காத ஒரு ராணுவ அதிகாரி, செத்த பிறகு போருக்கு உதவுகிறார். கதை கற்பனைதான். ஆனால் அதில் செத்தவர்தான் நாயகன். அவருக்கு ஓர் ஆயுள் இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது.

நாவல் வந்ததும் பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்தார்கள். இயன் கால்வின் என்ற நிருபர் ஸ்பெயினில் துருவ ஆரம்பித்தார். யாரோ எழுதுவதற்குப் பதில் நாமே எழுதிவிடுவது மேல் என்று அரசாங்கம் மாண்டேகுவை எழுத விட்டது. மளமளவென்று எழுதி 1953-ல் வெளிவந்தது 'தி மேன் ஹூ நெவர் வாஸ்'. சக்கைப்போடு போட்டது. 1956-ல் சினிமாவாகவும் வந்தது. அதில் மாண்டேகுவே ஒரு சின்ன வேடத்தில் தலைகாட்டினார்!

இன்றைக்குப் படித்தாலும் விறுவிறுப்பான புத்தகம்தான். பிரச்சினை என்னவென்றால், இறந்தவர் நிமோனியாவில் செத்தார் என்கிறது அது. குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கியதாகவும், பெயரை வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்ததாகவும் சொல்கிறது. ஜெர்மானியர் ஏமாந்ததை ரகசியச் செய்திகளை உடைத்துத் தெரிந்துகொண்டதைப் பற்றி மூச்சே விடவில்லை. இந்தக் கடைசி மறைப்பை மன்னிக்கலாம். அந்த 'அல்ட்ரா' ரகசியம் 1974 வரை வெளியே சொல்லக்கூடாத விஷயம். மற்ற இரண்டும் அப்படியா? அவற்றால் காப்பாற்றப்பட்டது நாட்டின் ரகசியமா, எழுதியவரின் மனசாட்சியா?

நிஜம் 1996-ல் வந்தது. ரோஜர் மார்கன் என்ற ஆய்வாளர், தொழில்முறை வரலாற்றாசிரியர்கூட இல்லை, ஆவணக் காப்பகத்துக் காகிதங்களில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார்: கிளிண்டூர் மைக்கேல். 1909-ல் வேல்ஸின் நிலக்கரி ஊரான அபர்பார்கோடில் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். அப்பா தற்கொலை செய்துகொண்டார். அம்மா 1940-ல் போய்ச் சேர்ந்தார். வேலையும் வீடும் இல்லாமல் லண்டன் தெருக்களில் அலைந்தவர், 1943 ஜனவரியில் கிங்ஸ் கிராஸ் பக்கம் எலி மருந்து தின்ற நிலையில் கிடைத்தார். பசியில் தின்றாரா, சாகவே தின்றாரா என்பது முடிவாகவில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் போனபோது வயது 34. அவரை ராணுவத்துக்குத் தர உறவினர் யாரிடமும் சம்மதம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை. கேட்க ஆளில்லாத பிணம் என்பதுதான் அவருடைய தகுதியே.

2010-ல் பென் மெக்கின்டயர் எழுதிய 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' இவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்கிறது. மாண்டேகு பெட்டியில் பூட்டி வைத்திருந்த காகிதங்கள் அவருடைய மகன் மூலம் இவருக்குக் கிடைத்தன. த்ரில்லர் வேகத்தில் போகும் வரலாறு. இதையும் 2021-ல் படமாக எடுத்துவிட்டார்கள். இந்த வரிசையில் ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படிக்கலாம். இரண்டு முடியுமென்றால் முதலில் மாண்டேகுவைப் படித்துவிட்டு இதற்கு வருவது நல்லது. முதல் புத்தகத்தில் ரசித்துச் சிரித்த இடங்கள், இரண்டாவதில் வேறு மாதிரி தெரியும்.

கல்லறை இன்னும் ஹுவெல்வாவில் இருக்கிறது. கல்லில் வில்லியம் மார்ட்டின், கார்டிஃபைச் சேர்ந்த ஜான் கிளிண்டூர் மார்ட்டினின் அன்பு மகன் என்று செதுக்கியிருக்கிறார்கள். இல்லாத அப்பாவின் பெயருக்கு நடுவே செத்தவரின் நிஜப் பெயரைச் செருகி வைத்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது வெட்டவெளியில் அப்படியே இருந்தது. 1998-ல்தான் அடியில் ஒரு வரி சேர்த்தார்கள், மேஜர் வில்லியம் மார்ட்டினாகப் பணியாற்றியவர் கிளிண்டூர் மைக்கேல் என்று.