யார் கை வழியாக வந்தது கடிதம்? ஹட்டனில் மொடம் கொழுவிய காலம்

மலையக முஸ்லிம்களின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பள்ளிவாசல் கட்டிய ஆண்டு, முதற்கடை போட்ட குடும்பம், மத்ரசா தொடங்கிய ஆலிம் என்றுதான் தொடங்குவார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். போன வருடம் கடையின் பழைய சாமான்களை ஒதுக்கும்போது, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கையகலப் பச்சை அட்டை ஒன்று அகப்பட்டது. ஒரு மூலை கருகியிருந்தது. மகனிடம் காட்டினேன்.

"இது என்ன வாப்பா, ரேடியோ சாமானா?"

அது மொடம். 1999ஆம் ஆண்டு அதைக் கொம்பியூட்டருக்குள் பொருத்த நானும் என் நானாவும் பதினொரு இரவு மெனக்கெட்டோம். அந்தப் பதினொரு இரவையும், அதற்குப் பிறகு அந்த அட்டை வழியாக வந்த ஒரு கடிதத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது. இதுவும் நமது வரலாறுதானே.

கம்பி வந்த பாதை

இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே இழுக்கப்பட்டது. கோப்பி ஏற்றப் போட்ட ரயில் பாதை 1867இல் கண்டியை எட்டியது. பிறகு நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. அதற்குள் கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்துவிட்டது. ரயில் நின்ற இடத்தில் கடைத்தெரு முளைத்தது. அந்தக் கடைத்தெருவில் அரிசிக்கடை, புடவைக்கடை, இரும்புக்கடை போட்டவர்களில் எங்கள் மூத்தவர்களும் உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில், 1882இல், சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார்.

பின்னர் வந்த டெலிபோன் கம்பியும் இதே தடத்தில்தான் போனது. பொலிஸ், ஆஸ்பத்திரி, தேயிலைத் தொழிற்சாலை, துரை பங்களா, டவுன் கடை என்று இழுத்தார்கள். லயத்துக்கு இழுக்கவில்லை. லயத்தில் இருப்பவருக்குக் கடிதம் வந்தால்கூட அது தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்ட ஆபீசில் இறங்கி, அங்கிருந்துதான் ஆள் கைக்குப் போகும். லயக் காம்பராவுக்கு என்று ஒரு முகவரி கிடையாது. இதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நான் சொல்லப்போவது விளங்கும்.

இன்டர்நெட் இலங்கைக்கு வந்தது பல்கலைக்கழகங்களின் வழியாக. 1990களின் தொடக்கத்தில் மொரட்டுவைப் பேராசிரியர் அபய இந்துருவ போன்றவர்களின் முயற்சியில் 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பு உருவானது. வர்த்தக சேவை 1995இல் 'லங்கா இன்டர்நெட்' நிறுவனத்தோடு தொடங்கியது. டெலிகொம் 1991இல் கூட்டுத்தாபனமாகி, 1996இல் கம்பெனியாகி, 1997இல் ஜப்பானின் என்.டி.டி. அதில் பங்கு வாங்கியது. வருடக்கணக்காகக் காத்திருந்த பலருக்கு அதன் பிறகுதான் வேகமாக லைன் கிடைக்கத் தொடங்கியது. எங்கள் கடைக்கு வாப்பா காலத்திலேயே லைன் இருந்தது. அது எங்கள் கெட்டித்தனம் அல்ல. கடை இருந்த இடத்தின் அதிர்ஷ்டம்.

பதினொரு இரவு

மொடம் செய்யும் வேலையை அப்போது வாப்பாவுக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினேன்: டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காகப் போட்டது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிதான் அதில் போகும். கொம்பியூட்டருக்குக் குரல் இல்லை, ஒன்றும் பூச்சியமும்தான் உண்டு. அதை ஒலியாக மாற்றி இந்தப் பக்கம் கத்தினால், அந்தப் பக்கம் இன்னொரு மொடம் கேட்டுத் திரும்ப ஒன்றும் பூச்சியமுமாக்கும். வாப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அரபுத் தமிழ் மாதிரி. எழுத்து ஒண்டு, பேச்சு வேற ஒண்டு."

அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை படிக்கவில்லை.

நாங்கள் வாங்கியது உள்ளே செருகும் அட்டை. மூடியைக் கழற்றிச் செருகி, விண்டோஸ் 95ஐத் திறந்தால் எலி துள்ளத் தொடங்கிவிடும். காரணம் கண்டுபிடிக்க மூன்று இரவு போனது. எலி கொம்-1 வாசலில் இருந்தது. அட்டையைக் கடைக்காரர் கொம்-3க்கு வைத்துத் தந்திருந்தார். பெயர் வேறானாலும் இரண்டும் கொம்பியூட்டரைக் கூப்பிடும் மணி ஒன்றுதான். அதன் இலக்கம் 4. ஒரே மணியை இரண்டு பேர் அடித்தால் யாருக்கு வாசல் திறப்பது? அட்டையில் இருந்த சின்னஞ்சிறு தொப்பிகளைப் பிடுங்கி கொம்-2க்கு மாற்றி, தாய்ப்பலகையில் சும்மா இருந்த இரண்டாவது வாசலை அடைத்த பிறகு எலி அமைதியானது.

நாலாம் இரவு ஹைப்பர்டெர்மினலில் ஏ, டி என்று இரண்டு எழுத்தைத் தட்டினோம். 'ஓகே' என்று பதில் வந்தது. நானா எழுந்து நின்றே விட்டார்.

ஆனால் டயல் செய்தால் 'டயல் டோன் இல்லை' என்றது. காதில் வைத்தால் டோன் நன்றாகக் கேட்கிறது! மொடம் அமெரிக்க டோனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. டோனுக்குக் காத்திராமல் டயல் செய் என்று சொல்லும் கட்டளை ஏடிஎக்ஸ்3. அதைக் கண்டியில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு மாஸ்டர் தாளில் எழுதித் தந்தார். பிறகு அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டது. உம்மா குசினியிலிருந்து ஓடி வந்து, "என்னத்தயாவது உடைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

இணைப்பு வந்தது, நிற்கவில்லை. கடையில் ஒரு போனும் மாடியில் இன்னொரு போனுமாக ஒரே லைனில் இருந்தன. வாப்பா கீழே ரிசீவரைத் தூக்கினால் மேலே எல்லாம் அறுந்துவிடும். மாடி வயரை யாரோ முன்பு வெறுமனே முறுக்கி இணைத்திருந்தார்கள். மழை ஈரத்தில் அந்த முடிச்சு பச்சை பிடித்து இரைந்தது. அதை வெட்டி, நேரே ஒரு புது வயர் இழுத்த பதினொராவது இரவுதான் இணைப்பு நின்றது.

மொடத்தின் பெட்டியில் போட்டிருந்த வேகம் செக்கனுக்கு 33,600 பிட். அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் நாலு நிமிடத்தில் வந்துவிடும். எங்களுக்கு மழை இல்லாத நாளில் 14,400 கிடைக்கும். ஜூன், ஜூலை மழையில் 9,600. அந்த வேகத்தில் அதே மெகாபைட்டுக்குக் கால் மணி நேரம். 1998இல் வந்த வீ.90 முறையில் 56,000 என்று விளம்பரம் செய்தார்கள். அதற்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரையிலான கம்பி நல்லதாக இருக்க வேண்டும். மலைச்சரிவில் மரத்துக்கு மரம் தாவி வந்த கம்பிக்கு அது எட்டாக்கனி. எங்கள் சந்தாவுக்குக் கொழும்பு எண்ணைத்தான் அழைக்க வேண்டும், டிரங்க் கட்டணம். ஆகவே இஷா தொழுது, கடை பூட்டி, கட்டணம் குறையும் நேரம் பார்த்து, தபாலை இறக்கிக்கொண்டு உடனே அறுத்துவிடுவோம்.

குவைத்திலிருந்து வந்த கடிதம்

கடையில் ஈமெயில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியவந்தது. 2000ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கொழுந்தெடுப்பவர். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம். ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. "தம்பி, ஒங்க பொட்டியில கேட்டுப் பாருங்க" என்றார்.

என் மச்சான் ஒருவர் குவைத்தில் ஒரு ஆபீசில் டைப் வேலை செய்தார். அவருக்கு எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. பதில் வந்த நேரத்தில் எங்கள் லைன் மழையில் செத்திருந்தது. இரண்டு நாள் அது கொழும்பில் காத்துக் கிடந்தது. லைன் உயிர்த்து இறக்கிப் பார்த்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை, இடையிடையே அரைப்புள்ளி. பழுதாகிவிட்டது என்று அழிக்கப் போனேன். நானாதான் தடுத்தார்: "கொஞ்சம் பொறு, இவ்வளவு அரைப்புள்ளி ஏன் வருது?"

மச்சான் அதைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளி இருக்கும் விசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துருவை மாற்றியதும் குப்பை முழுவதும் தமிழாக எழுந்து நின்றது. மறுபடியும் வாப்பாவின் அரபுத் தமிழ்தான்.

அடுத்த நாள் அந்த அம்மா வந்தார். அச்செடுத்த தாளைக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "நீங்களே வாசிங்க தம்பி." நான் உற்சாகத்தில், கடை நிறையச் சனம் நிற்கிறதே என்று பாராமல், உரத்து வாசித்தேன். மகள் உயிரோடு இருக்கிறாள், வீடு மாறிவிட்டாள், மூன்று கடிதம் போட்டிருக்கிறாள் என்றதும் அவர் கண்ணைத் துடைத்தார். நான் நிறுத்தவில்லை. நாலு மாதச் சம்பளம் தரவில்லை, முதல் வீட்டில் அடித்தார்கள் என்று அதையும் வாசித்தேன். அரிசி நிறுக்கும் தராசு நின்றுபோனது. அவர் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, மிக மெல்லிய குரலில் சொன்னார்: "மெதுவா வாசிங்க தம்பி."

அந்தக் குரல் இன்றும் கேட்கிறது. அதற்குப் பிறகு கடிதங்களை உள்ளறையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசித்தேன். ஆனால் முதற்கடிதத்தைத் திரும்பப் பெற முடியாதே.

என் உம்மும்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஓதப்பள்ளியில் படித்த அரபெழுத்தை வைத்து, தன் தங்கைக்கு அரபுத் தமிழில் தானே கடிதம் எழுதுவார். பதிலையும் தானே வாசிப்பார். அவருடைய துக்கம் யாருடைய கடையிலும் உரத்து வாசிக்கப்படவில்லை. அந்த வகையில், வயது முதிர்ந்த எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நூறு வருடத்துக்கு முந்திய ஓதப்பள்ளி கொடுத்ததை, 2000ஆம் ஆண்டின் மொடம் அந்தத் தோட்டத்துத் தாய்க்குக் கொடுக்கவில்லை. கடிதம் தோட்ட ஆபீசிலிருந்து என் கடைக்கு மாறியது. தூரம் குறைந்தது, இடையில் நின்ற கை அகலவில்லை. அந்தக் கை இப்போது என்னுடையது.

கொத்மலையில் வேறு வழி

எங்கள் நுவரெலியா மாவட்டத்திலேயே இதை வேறு விதமாக யோசித்தவர்கள் இருந்தார்கள். மகாவலித் திட்டத்தில் குடிபெயர்ந்த மக்களுக்காக 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமுதாய வானொலி, 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் துணையோடு இன்டர்நெட்டையும் சேர்த்துக்கொண்டது. நேயர்கள் கேள்வி எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் வலையில் தேடி, விடையை மக்கள் பேசும் மொழியில் ஒலிபரப்புவார். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் பொது மக்கள் வந்து பாவிக்க இணைப்பு நிலையங்கள் வைத்தார்கள். உலகெங்கும் ஆய்வாளர்கள் இதை உதாரணமாக எழுதினார்கள்.

வீட்டுக்கு வீடு லைன் இல்லாத இடத்தில் ஒரு லைனை வானொலியால் பலருக்குப் பங்கிட்டது பெரிய யோசனை. எனினும் அந்த ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் இருந்தது. சுற்றிலும் தமிழ் பேசும் தோட்டங்கள். அதோடு விவசாயக் கேள்விக்கும் மருந்துக் கேள்விக்கும் வானொலி பொருந்தும். மகளுடைய கடிதத்துக்குப் பொருந்தாது.

இடைக் கை உண்மையில் விலகியது கையடக்கத் தொலைபேசி மலிந்த பிறகுதான். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மகளுடைய குரலைத் தன் காதிலேயே கேட்கலாம். அதற்குள் எங்கள் மொடம் மௌத்தாகிவிட்டது: 2001 ஏப்ரலில் ஒரு பின்னேரம், இடி மழைக்கு முன் கரண்டைக் கழற்றினேன், டெலிபோன் வயரைக் கழற்ற மறந்தேன். மின்னல் அந்த வழியாக வந்தது. கருகிய மூலை அதுதான். ஹார்ட் டிஸ்க்கும் போனது. இரண்டு வருடக் கடிதங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, கம்பளைக் கடைத்தெருக்களில் இதே மாதிரி மொடம் கொழுவியவர்கள், பிறருடைய கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோட்ட ஆபீசில் தபால் பிரித்த கிளாக்கர்மாரும், கடிதத்துக்காக அங்கே காத்து நின்ற தாய்மாரும் இருக்கிறார்கள். இந்த இதழின் இளம் ஆய்வாளர்கள் ஒரு ரெக்கோர்டரோடு போய் அவர்களிடம் உட்கார வேண்டும். முதலில் அந்தத் தாய்மாரிடம் போங்கள், கடைக்காரர்களிடம் பிறகு வரலாம். போகும்போது கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.