கடன் அட்டைப் பாக்கியும் மூன்றாண்டுக் கெடுவும்

அண்மையில் கூத்தாநல்லூரில் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு கடிதத்தைப் படித்து விளக்கச் சொன்னார்கள். வளைகுடாவில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியிருக்கும் மகனுக்கு, புறப்படும் முன் கட்டாமல் விட்ட கடன் அட்டைப் பாக்கியைக் கேட்டு ஒரு வங்கியின் வழக்கறிஞர் அனுப்பிய அறிவிப்பு அது. “மூன்று வருஷம் தாண்டிவிட்டதே, இனி கேஸ் போட முடியாதல்லவா?” என்றார் நண்பர்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. புரோநோட்டு மூன்றாண்டில் காலாவதியாகும் என்பது டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த பாடம். அதற்குள் நோட்டின் பின்புறம் ஒரு தொகையை வரவு வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கெடு புதிதாகத் தொடங்கும். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கடன் அட்டைக்கும் இதே மூன்றாண்டைத்தான் வைத்திருக்கிறது. கெடு கடந்த வழக்கை, எதிர்த்தரப்பு அந்த வாதத்தை எழுப்பாவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3-ஆவது பிரிவு.

ஆனால் கடல் கடந்து பிழைக்கும் ஊர்களில் பலரும் அறியாதது 15-ஆவது பிரிவின் 5-ஆவது உட்பிரிவு. பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலத்தைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்பது அது. மகன் துபாயில் இருந்த நான்கு ஆண்டுகளும் கணக்கிலிருந்து கழிந்துவிடுகின்றன. விமானம் ஏறுவதற்கு முன் ஓடிய மாதங்களும், திரும்பியபின் ஓடுகிற மாதங்களுமே மிச்சம். போதாததற்கு, பெருந்தொற்றை முன்னிட்டு 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தையும் கழித்துவிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. பழைய பாக்கிகளுக்கு அதையும் பார்க்க வேண்டும்.

கையெழுத்து இன்னொரு கண்ணி. கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அந்த நாளிலிருந்து மீண்டும் மூன்றாண்டு. கெடு முடிந்தபின் கட்டுவதாக எழுதிக் கொடுத்தாலோ, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25(3)-இன்படி அது செல்லத்தக்க புதிய ஒப்பந்தம். அதிகாரம் பெற்ற முகவரின் கையெழுத்தும் போதும். பவர் பத்திரம் வைத்திருக்கும் தந்தைமார் இதைக் கவனிக்க வேண்டும். மற்றபடி, ஜாமீன் போடாத பெற்றோர் வயதுவந்த மகனின் அட்டைக் கடனுக்குப் பொறுப்பாளிகள் அல்லர். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

கெடு தீர்ந்தால் கடனே தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். வழக்கிடும் வழிதான் அடைபடுகிறது, கடன் அழிவதில்லை என்று பாம்பே டையிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அழைப்பாணையை வாங்காமல் திருப்பி அனுப்புவதோ பெரும் பிழை. ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டால், அதை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. மூன்றாண்டை நம்பியிருந்தவர் தலையில் பன்னிரண்டாண்டு விழும்.

ஆகவே எதிலும் கையெழுத்திடுமுன், கடைசியாகப் பணம் கட்டிய நாள் எது, ஊரில் இருந்த நாட்கள் எத்தனை என்று எழுதிக்கொண்டு மன்னார்குடியிலோ திருவாரூரிலோ ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள் என்றேன். நண்பர் ஒன்றும் பேசவில்லை. மகனின் பாஸ்போர்ட்டைத் தேடி எடுக்க உள்ளே போனார்.