எபிசோட் 27: புல்லட் யார் கால் அளவுக்கு வந்த வண்டி?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "ப்ரோ, லாங் டூர் போக எந்த பைக் வாங்கலாம்?" ஒரு பேரைச் சொல்லிட்டு நான் போயிடலாம். ஆனா நானும் அப்படி யாரோ சொன்ன பேரைக் கேட்டு வாங்கித்தான் மாட்டினேன். அதனால இன்னைக்குக் கொஞ்சம் வரலாறு பேசுவோம். கடைசியில உங்க கேள்விக்கும் வந்துடறேன்.

முதல்ல நான் மாட்டின கதை. என் உயரம் 163 செ.மீ., அதாவது அஞ்சடி நாலு அங்குலம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ரிவ்யூ வீடியோவா பாத்துத் தள்ளி, உயரமான ஒரு அட்வென்ச்சர் பைக் வாங்கினேன். என்ன வண்டின்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா தப்பு என் மேலதான். வாங்குறதுக்கு முன்னாடி டைல்ஸ் தரையில உக்காந்து பாத்தப்ப ரெண்டு கால் பெருவிரலும் தரையைத் தொட்டுச்சு. ஓட்ட ஓட்டப் பழகிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை தாமல்ல இருக்கிற மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். காஞ்சிபுரம் பக்கம் பெங்களூரு ஹைவேல போறவங்களுக்குத் தாமல் தெரிஞ்சிருக்கும், பெரிய ஏரி உள்ள ஊர். அங்கிருந்து தங்கச்சியைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு, உத்திரமேரூர் கல்வெட்டு பாக்கலாம்னு கிளம்பினேன். ஊரைத் தாண்டுறதுக்குள்ள எதுத்தாப்ல ஒரு டிராக்டர். வழி விடறதுக்காக ஓரம் ஒதுங்கி நிறுத்தினேன். கால் ஊன்றின இடம் பள்ளம். பாதம் தரையைத் தொடறதுக்குள்ள வண்டி சாஞ்சிடுச்சு. கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி, மேல நாங்க ரெண்டு பேர். ஸ்பீடு பூஜ்யம். தங்கச்சிக்குக் கணுக்கால் எலும்புல விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்ல. அதுதான் இன்னும் உறுத்துது.

மாமா திட்டுவார்னு நினைச்சேன். அவர்கிட்ட 1980கள்ல வாங்கின புல்லட் இன்னும் இருக்கு. அந்தச் சத்தம் கேட்டா தெருவே திரும்பிப் பாக்கும். அவரும் என் உயரம்தான். அன்னைக்கு ராத்திரி திண்ணையில உக்காந்து மெதுவா சொன்னார்: "நானும் முப்பது வருஷமா மேடு பாத்துத்தான் நிறுத்தறேன் மாப்ள. டீக்கடை வந்தாக்கூட, பக்கத்துல ஒரு கல்லு கில்லு இருக்கான்னு கண்ணு தேடும். யார்கிட்டயும் சொன்னதில்ல."

முப்பது வருஷம்! அன்னைக்குத்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. இந்த வண்டி யாருக்காக நம்ம ஊருக்கு வந்தது?

ராயல் என்ஃபீல்ட் இங்கிலாந்துல ரெடிட்ச்ங்கிற ஊர்ல பிறந்த கம்பெனி. முதல் மோட்டார் சைக்கிள் 1901. புல்லட்ங்கிற பேர் 1930களோட தொடக்கத்துலயே வந்துடுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் இந்திய ராணுவத்துக்கு எல்லைப் பகுதியில ரோந்து போக ஒரு வண்டி தேவைப்பட்டது. கரடுமுரடான ரோடு, ரிப்பேர் பண்ண வசதி இல்லாத இடம். அதுக்கு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தாங்க. 1950களோட தொடக்கத்துல அந்த ஆர்டர் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாப் போச்சு. 1955ல் ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா கம்பெனியைத் தொடங்கினாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல இங்கிலாந்துல இருந்து வந்த பாகங்களை இங்க பூட்டினாங்க, அப்புறம் பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970ல் இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்ட் தயாரிப்பே நின்னுபோச்சு. திருவொற்றியூர்ல புல்லட் நிக்கல. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ணாங்க. மெட்ராஸ்காரங்க பெருமைப்பட வேண்டிய கதைதான், அதுல சந்தேகமே இல்ல.

ஆனா ஒரு விஷயத்தை நாம கவனிக்கிறதில்ல. ராணுவமும் போலீஸும் வண்டி குடுக்கிறதுக்கு முன்னாடி ஆளை அளந்துதான் வேலைக்கு எடுக்குறாங்க. இன்னைக்கும் தமிழ்நாட்டுல இருந்து ராணுவத்துல சிப்பாயா சேர பொதுவா 166 செ.மீ. உயரம் வேணும். தமிழ்நாடு போலீஸ்ல ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு 167 செ.மீ. ஆளுக்குத் தகுதி எழுதி வைக்கிறது நமக்கொண்ணும் புதுசில்ல. நாங்க பாக்கப் போன உத்திரமேரூர் கல்வெட்டே, குடவோலையில பேர் போட ஒருத்தருக்கு என்ன வயசு, எவ்வளவு நிலம் இருக்கணும்னு சொல்ற முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுதான்.

இப்போ நம்ம உயரத்துக்கு வருவோம். உலக நாடுகளோட உயரத்தை ஒப்பிட்டு என்சிடி-ரிஸ்க் ஆய்வாளர்கள் 2016ல் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. 1996ல் பிறந்த இந்திய ஆண்களோட சராசரி உயரம் சுமார் 165 செ.மீ., பெண்கள் சுமார் 153 செ.மீ. அதே வயசு பிரிட்டன் ஆண்கள் 177 செ.மீ.க்கு மேல. 12 செ.மீ. வித்தியாசம்! அதாவது அந்த ஊர்ல வடிவமைச்சு, நம்ம ஊர்ல உயரம் பாத்து எடுத்த ஆட்களுக்குக் குடுத்த வண்டி அது. 170 இருக்கிற போலீஸ்காரர் அதுல உக்காந்து வந்தா கம்பீரமாத்தான் இருக்கும். அந்தக் கம்பீரம் வண்டியால வந்ததுன்னு நாம நினைச்சுக்கிட்டோம். பாதி, ஆளை அளந்து எடுத்ததால வந்தது.

சரி, சாதாரண ஜனம் ஏன் எதுவும் கேக்கல? கேக்க வழி இல்ல. லைசென்ஸ் ராஜ் காலத்துல ஒரு வண்டிக்குப் பேர் பதிஞ்சுட்டு வருஷக்கணக்குல காத்திருந்தாங்க. புல்லட், ராஜ்தூத், மைசூர்ல செஞ்ச ஜாவா, அதுக்கப்புறம் எஸ்டி, அவ்வளவுதான் லிஸ்ட். கிடைச்ச வண்டிக்கு ஏத்த மாதிரி மனுஷன்தான் தன்னை மாத்திக்கிட்டான். புல்லட்டையே எடுத்துக்கோங்க. கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. பழைய இங்கிலீஷ் வழக்கம் அது. 2000கள்லதான் கியர் இடது பக்கம் மாறுச்சு. அவ்வளவு வருஷம் நம்ம ஆட்கள் அந்த வண்டிக்குன்னு தனியா காலைப் பழக்கினாங்க. அப்படி இருக்கிறப்போ சீட் உயரத்தைப் பத்தி யார் வாய் திறப்பா?

1980கள்ல நிலைமை மாறுச்சு. 1980ல் ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. சுமார் 100 கிலோ எடை, ரெண்டு காலும் தரையில. 160 கிலோவுக்கு மேல இருக்கிற புல்லட்டை உருட்டிப் பழகினவங்களுக்கு இது பொம்மை மாதிரி. நம்ம காலுக்குப் பொருந்தின வண்டிங்க இதெல்லாம். ஆனா இதுல போறதை யாரும் டூர்னு சொல்லல. பெரிய வண்டியில போனாத்தான் டூர், சின்ன வண்டியில போனா வேலைக்குப் போறது! விசாகப்பட்டினத்துக்காரர் பரத்வாஜ் தயாளா, 2006ல் கிளம்பி ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவுல தனியா உலகத்தைச் சுத்திட்டு வந்தார். அது 223 சி.சி. வண்டி. லோயிஸ் பிரைஸ்னு ஒரு இங்கிலாந்துப் பெண், அலாஸ்காவுல இருந்து தென் அமெரிக்காவோட தெற்கு முனை வரைக்கும் போனது யமஹா எக்ஸ்டி 225ல். தூரத்துக்கு வேண்டியது நம்பிக்கையான இன்ஜினும், பயமில்லாம நிறுத்தக்கூடிய வண்டியும்தான்.

அடுத்த திருப்பம் நம்ம மாவட்டத்துலயே நடந்தது. 2013ல் ராயல் என்ஃபீல்ட் ஒரகடத்துல புது ஃபேக்டரி தொடங்கிச்சு, 2017ல் வல்லம் வடகால்ல இன்னொண்ணு. 2016ல் ஹிமாலயன் வந்தது. 411 சி.சி., முன் சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் வண்டி வயித்துக்கும் நடுவுல 220 மி.மீ. இவ்வளவையும் வச்சுக்கிட்டு சீட் உயரம் 800 மி.மீ.தான். இந்தியாவுல 2020ல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர் 855 மி.மீ. ஒரு இன்ஜினியரா எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, 800ங்கிறது ஒரு முடிவு. ஓட்டுறவன் காலைத் தரைக்குக் கொண்டு வந்திருக்காங்க. 2020ல் வந்த மீட்டியார் 765 மி.மீ., 2022ல் வந்த ஹன்டர் 790. 2023 நவம்பர்ல வந்த ஹிமாலயன் 450ல் சீட்டை 825, 845ன்னு ரெண்டு உயரத்துல மாட்டலாம். தாழ்வான சீட் வாங்கிப் போட்டா 805 வரைக்கும் இறங்கும். எழுபது வருஷம் கழிச்சு வண்டி நம்மகிட்ட "உன் கால் எவ்வளவு?"ன்னு கேக்க ஆரம்பிச்சிருக்கு.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா அளக்கணும். செருப்பில்லாம சுவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க. ஒரு தடிப் புத்தகத்தைத் தொடைக்கு நடுவுல வச்சு, சைக்கிள் சீட் மாதிரி மேல அழுத்துங்க. தரையில இருந்து புத்தகத்தோட மேல் விளிம்பு வரைக்கும் டேப் புடிங்க. அதுதான் உங்க கால் நீளம். பொதுவா உயரத்துல 45 சதவீதத்தை ஒட்டி வரும். எனக்கு 74 செ.மீ., அதாவது 740 மி.மீ. இப்போ கணக்குப் போடுங்க. 800 மி.மீ. சீட்டுன்னா இடைவெளி 60. ஷூ அடிப்பாகம் ஒரு 25 குடுக்கும். நாம உக்காந்ததும் சஸ்பென்ஷன் ஒரு 20, 30 இறங்கும். மிச்சத்தை முன்பாதம் ஊன்றிச் சமாளிச்சுடலாம். 855ன்னா இடைவெளி 115. அங்கதான் நான் விழுந்தேன்.

இதுல இன்னும் மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, சீட் அகலம். 790 மி.மீ. இருந்தாலும் அகலமான சீட்டா இருந்தா தொடை விரிஞ்சு கால் எட்டாது. ஸ்பெக் ஷீட்ல இந்த அளவு வராது, உக்காந்து பாத்தாத்தான் தெரியும். ரெண்டு, சமதரையில மட்டும் பாக்காதீங்க. சரிவுல, மண்ல, பின்னாடி ஒரு ஆளை உக்கார வச்சு நிறுத்திப் பாருங்க. வண்டி ஓடுறப்போ உயரம் ஒரு பிரச்சினையே இல்ல, நிக்கிறப்போதான் எல்லாம். மூணு, வண்டியைத் தாழ்த்துறது. சீட் தைக்கிறவர்கிட்டக் குடுத்து ஃபோம் குறைச்சா ரெண்டு செ.மீ. கிடைக்கும், தூரம் போனா இடுப்பு சொல்லிக்காட்டும். லோயரிங் லிங்க் போட்டா தரைக்கும் வண்டிக்குமான இடைவெளி குறையும், சைடு ஸ்டாண்டையும் அதுக்கேத்த மாதிரி வெட்டணும்.

அப்புறம் தேவை. நான் போன வருஷம் போன இடங்களை எழுதிப் பாத்தேன். ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலை, 70 வளைவு. ரெண்டு தடவை பெங்களூரு. எல்லாமே தார் ரோடு. இதுல 855 மி.மீ. எனக்கு எதுக்கு? ஆத்துப் படுகையைத் தாண்டுறதுக்காக வாங்கின வண்டியை டீக்கடை வாசல்ல சாய்ச்சுட்டு நின்னேன், அவ்வளவுதான்.

அந்த வண்டியை வித்துட்டேன். இப்போ வச்சிருக்கிறது 765 மி.மீ. வண்டி. மாமாகிட்டச் சொன்னப்போ ஒரு சிரிப்பு சிரிச்சார். அடுத்த வாரம் அவரும் காஞ்சிபுரத்துல புல்லட் சீட்டைக் குடுத்து ஃபோம் குறைச்சுட்டு வந்துட்டார், இந்த வயசுல. தங்கச்சிக்கும் வண்டி ஓட்டணும்னு ஆசை. அவ உயரம் 154. அவ கால் அளவுக்கு இந்த மொத்த லிஸ்ட்லயும் வசதியா எட்டுறது ஒண்ணோ ரெண்டோதான். பெண்களோட சராசரி உயரம் 153ன்னு முன்னாடி சொன்னேன் இல்லையா? அந்த 765கூட அவங்களுக்கு உயரம்தான். வரலாறு இன்னும் பாதியிலதான் நிக்குது.

போன மாசம் ஒருவழியா உத்திரமேரூர் போனோம். கிளம்புறப்போ தங்கச்சி உடனே ஏறல. குனிஞ்சு என் காலைப் பாத்தா. ரெண்டு பாதமும் முழுசா தரையில இருந்தது. அப்புறம்தான் ஏறினா.

வண்டி வாங்கப் போறதுக்கு முன்னாடி டேப் எடுங்க மக்களே. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.