பதிமூணு எழுத்தும் எங்க அக்காவும்

போன பதிவுல கடலைக்காய் பறிச்ச கூலிக் கணக்கை எழுதியிருந்தேன். இந்தத் தடவை விவசாயம் இல்லைங்க, பள்ளிக்கூடம். பத்தாவது படிச்சவனுக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. காரணம் இருக்குது, முதல்ல அதைச் சொல்லிப்போடறேன்.

மகள் வயித்துப் பேத்தி எங்க ஊட்லதான் இருந்து படிக்கறா. ரெண்டாவது. உயிரெழுத்து 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒண்ணு, ஆக 247 எழுத்தையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. போன வாரம் கத்தரி விதை வாங்கிட்டு வந்திருந்தேன். பொட்டலத்தைக் குடுத்து, "இதைப் படி கண்ணு"ன்னேன். "க... த்... த... ரி..." ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. "சேர்த்துச் சொல்லு"ன்னேன். முழிச்சா. அப்புறம் பொட்டலத்து மேல இருந்த படத்தைப் பார்த்துட்டு, "கத்திரிக்காய் அப்புச்சி!"ன்னு கத்துனா. நான் கட்டைவிரல்ல படத்தை மறைச்சுட்டு, கீழ இருந்த "விதை"ங்கற வார்த்தையைக் காட்டினேன். "வி... தை..." அதோட நின்னு போச்சு.

எழுத்து தெரியறது வேற, வாசிக்கறது வேறன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. உடனே எங்க அக்கா நெனப்பு வந்துருச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன். நம்ம ஊருப் பக்கம் பிள்ளைகளுக்கு வாசிக்க எப்படிச் சொல்லிக் குடுத்தாங்கங்கற கதையை முதல்ல பார்த்துடலாம்.

எங்க அப்பாரு திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்சவர். வாத்தியார் ஊட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். தரையில மணலைப் பரப்பி, வாத்தியார் ஒரு எழுத்தைச் சொல்ல, பிள்ளைகளும் சொல்லிக்கிட்டே விரலால மணல்ல எழுதோணும். வாயும் கையும் ஒண்ணாப் போகோணும். மணல்ல கை பழகின பொறவுதான் ஓலை. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன்னு படிப்படியாப் போகும். பெரிய பையன் ஒருத்தன் சட்டாம்பிள்ளை. சின்னப் பசங்க சொல்றதைக் கேட்டுத் திருத்தறது அவன் வேலை. "வாத்தியார்கிட்ட வாங்கின அடியை விட சட்டாம்பிள்ளைகிட்ட வாங்கினதுதான் ஜாஸ்தி"ன்னு அப்பாரு சொல்லிச் சிரிப்பார்.

இந்தச் சட்டாம்பிள்ளை முறை கப்பலேறிச் சீமைக்கே போயிருக்குதுங்க. ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789-ல மெட்ராஸ் எழும்பூர்ல இருந்த அநாதைப் பையன்க விடுதிக்குப் பொறுப்பா வந்தார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகள் மணல்ல எழுதிப் படிக்கறதைப் பார்த்திருக்கார். நம்ம விடுதியிலயும் இப்படிச் செய்யலாமேன்னா, அங்க இருந்த வாத்தியாருங்க ஒத்துக்கல. அவர் என்ன பண்ணினார்னா, ஜான் ஃப்ரிஸ்கன்னு எட்டு வயசுப் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டுச் சின்னப் பசங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்க விட்டுட்டார். அது பலிச்சுது. 1797-ல இங்கிலாந்துல இதைப் புத்தகமாப் போட்டார். 'மெட்ராஸ் முறை'ங்கற பேர்லயே அங்க ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடத்துல இது நடந்துது. மணல்ல எழுதற பழக்கம் நம்முது, புகழ் பெல்லுக்கு. அதை விடுங்க, விசயம் அது இல்லை.

விசயம் ஒரு கணக்குலதான் இருக்குது. 1822-ல கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவுலயும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பேர் படிக்கறாங்கன்னு கலெக்டர்களைக் கேட்டார். அப்பக் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். ஊட்டியை உண்டாக்கினாரே, அவரேதான். அன்னைக்குக் கோயமுத்தூர் ஜில்லான்னா ஈரோடு, தாராபுரம், கரூர் எல்லாம் சேர்ந்தது. சல்லிவன் குடுத்த கணக்குல 763 பள்ளிக்கூடம், 8,200 பிள்ளைகள் சொச்சம்.

வகுத்துப் பாருங்க. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு பேர்.

இந்தப் பதினொண்ணை நான் ரொம்ப நேரம் பார்த்துட்டே உக்காந்திருந்தேன். ஒரு வாத்தியார், பதினோரு பிள்ளைகள், அதுல ஒருத்தன் சட்டாம்பிள்ளை. அப்படீன்னா தினமும் ஒவ்வொரு பிள்ளை வாயிலயிருந்தும் வர்றதை யாரோ ஒருத்தர் காது குடுத்துக் கேட்டிருப்பாங்க. யாரும் கூட்டத்துல ஒளிஞ்சுக்க முடியாது.

ஆனா அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரலைங்க. அந்தப் பதினொண்ணுல பொம்பளைப் பிள்ளை மிகக் கொஞ்சம். காட்டு வேலை செஞ்ச சனங்களோட பிள்ளைகள்ல ரொம்பப் பேருக்குத் திண்ணையில இடம் இல்லை. ஜில்லா சனத்தொகை அன்னைக்கே ஆறு லட்சத்துக்கு மேல. உள்ள உக்காந்த பதினோரு பேருக்கு வாசிக்க வந்துது. மீதி ஊரே வெளிய நின்னுது. எல்லாப் பிள்ளையையும் உள்ள கொண்டாரோணும், அதே சமயம் ஒவ்வொண்ணையும் தனித்தனியாக் கேக்கோணும். இந்த ரெண்டையும் எப்படிச் சேர்க்கறதுங்கறதுதான் அன்னையிலிருந்து இன்னை வரைக்கும் இருக்கற சிக்கல்.

முதல் பாதியை நம்ம பெரியவங்க பண்ணிட்டாங்க. பாதி நாள் படிப்பு, பாதி நாள் அப்பன் தொழில்னு 1953-ல வந்த திட்டத்தை, அடுத்த வருசமே காமராஜர் ஆட்சியில எடுத்துட்டாங்க. அப்பக் கல்வி மந்திரி நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். 1956-ல மதிய உணவு வந்துது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்துது. எங்க ஊருக்கும் ஓட்டுச் சாலை ஒண்ணு வந்துது. அன்னூர்ப் பக்கம் மானாவாரிக் காடு, சோளமும் கம்பும்தான். அந்தச் சோத்துக்காகவே வந்த பிள்ளைகள் உண்டு. தப்பே இல்லை.

நான் ஒண்ணாவது சேர்ந்தது 1976. ஒண்ணு, ரெண்டு, மூணு மூணு வகுப்புக்கும் ஒரே வாத்தியார், அறுபது பிள்ளைகளுக்கு மேல. கோவைத்தழையும் கரியும் போட்டுத் தேய்ச்ச சிலேட்டு, ஒரு குச்சி. முன்னாடி ஒருத்தன் நின்னு "அ"ம்பான், அறுபது பேரும் "அ"ம்போம். கோரஸா நல்லாத்தான் இருக்கும். வாயை மட்டும் அசைச்சுட்டுப் போனவங்களும் அதுல இருந்தாங்க. வாத்தியாரைக் குத்தம் சொல்ல முடியாது. அறுபது பேரை ஒருத்தர் தனித்தனியா எப்படிக் கேப்பார்?

மூணாவது படிக்கறப்போதான் அந்தச் சமாச்சாரம். 1978 அக்டோபர்ல, பெரியார் நூற்றாண்டை ஒட்டி, எம்.ஜி.ஆர். அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டுது. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை. ஆக 13 எழுத்துக்குப் புது உருவம். அதுக்கு முன்னாடி எப்படி எழுதினோம்னு இந்தப் போன்ல அடிச்சுக் காட்ட முடியலைங்க, வாயால சொல்றேன். இப்ப 'லை' எழுத இரட்டைச் சுழிக் கொம்பு போடறோம். அப்ப எழுத்தோட தலையில யானைத் துதிக்கை மாதிரி ஒண்ணு வளைஞ்சு தொங்கும். 'றா', 'னா'வுக்குத் துணைக்கால் தனியா நிக்காது, எழுத்தோட வாலே கீழ சுழிச்சுட்டுப் போகும். 'கா' எழுதக் கத்துக்கிட்ட பிள்ளை 'சா', 'மா', 'தா' எல்லாம் தானா எழுதிரும். 'னா'ங்கறப்போ மாட்டிக்கும்.

இது தேவையில்லாத சுமைன்னு நாப்பது வருசம் முன்னாடியே சொன்னவர் நம்ம ஈரோட்டுக்காரர். 1935 வாக்குலயே பெரியார் தன் 'குடி அரசு' பத்திரிகையில புது எழுத்துலதான் அச்சடிச்சார். அச்சுக் கோக்கறவருக்கும் லேசு, படிக்கற குழந்தைக்கும் லேசுங்கறது அவர் வாதம். எழுத்தை மாத்தினா தமிழ் கெட்டுப்போகும்னு பயந்தவங்களும் இருந்தாங்க. ஆனா எழுத்து காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறிட்டேதான் வந்திருக்குது. எ-ஏ, ஒ-ஓ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியற மாதிரி செஞ்சது வீரமாமுனிவர்ங்கறாங்க. அவர் காலம் முன்னூறு வருசத்துக்கு முந்தி.

வாத்தியார் அந்தப் பதிமூணையும் போர்டுல எழுதிக் காட்டினார். எங்களுக்குக் கொண்டாட்டம். நான் சாயங்காலம் சாளைக்கு ஓடினேன், அக்காகிட்டச் சொல்ல.

அக்கா எனக்கு அஞ்சு வருசம் மூத்தது. மூணாவதோட நிறுத்திட்டாங்க. ஆடு மேய்க்க ஆள் வேணும், நான் கைக்குழந்தை மாதிரி. அது படிச்சது பழைய எழுத்து. கடையில பொட்டலம் மடிச்சுக் குடுக்கற காகிதத்தைப் பிரிச்சு, நீவி, எழுத்துக்கூட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். நான் போய், "நீ படிச்ச லை, னை எல்லாம் இனிச் செல்லாதுக்கா"ன்னு பெருமையாச் சொன்னேன். அது கொஞ்ச நேரம் பேசல. பொறவு, "நான் படிச்சதே கொஞ்சம். அதையும் மாத்திப்போட்டாங்களா?"ன்னுச்சு.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கே பட்டிக்குப் பக்கத்துல புழுதியில விரலால பதிமூணையும் எழுதிக் காட்டினேன். ஒரே பொழுதுல புடிச்சுக்குச்சு. பழசை விடப் புதுசு லேசுதானே. பெரியார் சொன்னது நெசம்னு எங்க ஆட்டுப்பட்டியிலயே தெரிஞ்சுது.

ஆனா அதோட நான் விட்டுட்டேன். எழுத்தைச் சொல்லிக் குடுத்தேனே தவிர, "இன்னைக்கு ஒரு பக்கம் வாசி, நான் கேக்கறேன்"னு ஒரு நாளும் உக்காரல. எனக்குக் கோலி, பம்பரம், அப்புறம் ஹைஸ்கூல். அக்கா கல்யாணமாகிப் போச்சு. அந்த ஊட்ல யாரும் வாசிக்கச் சொல்லிக் கேக்கல. இன்னைக்கு அக்கா கையெழுத்துப் போடும். பேங்க் பாஸ்புக்கை மட்டும் என்கிட்ட நீட்டி, "நீயே பார்த்துச் சொல்லு"ங்கும். பதிமூணு எழுத்துக்குப் பதிலா பதிமூணு நாள் அது வாசிக்கறதைக் கேட்டிருந்தா வேற மாதிரி ஆயிருக்குமோன்னு எனக்கு ஒரு உறுத்தல் உண்டு.

அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல எத்தனையோ மாத்தம் வந்துருச்சு. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள்ல செயல்வழிக் கற்றல்னு ஆரம்பிச்சாங்க. ஆந்திராவுல இருக்கற ரிஷி வேலிப் பள்ளி முறையைப் பார்த்துச் செஞ்சது. 2007-08-ல தமிழ்நாடு பூராவும் வந்துது. பெஞ்சு இல்லை, பாயில வட்டமா உக்காரோணும். குழந்தை கைக்கு எட்டற உசரத்துல சுவத்துல கரும்பலகை. பாடத்தை அட்டை அட்டையாப் பிரிச்சு, ஏணி மாதிரி ஒவ்வொரு படியா ஏறோணும். கீழ்ப்படியில இருக்கற குழந்தைக்கு மேல்படிக் குழந்தை உதவி பண்ணும். அதைக் கேட்டப்போ எனக்கு அப்பாரோட சட்டாம்பிள்ளைதான் ஞாபகம் வந்தான், பிரம்பு இல்லாத சட்டாம்பிள்ளை.

கொரோனாவுல பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து பிள்ளைகளுக்கு வாசிப்பே மறந்து போச்சு. 2021 அக்டோபர்ல 'இல்லம் தேடிக் கல்வி' வந்துது. சாயங்காலத்துல ஊருக்குள்ளயே ஒரு தன்னார்வலர், கொஞ்சம் பிள்ளைகள். 2022 ஜூன்ல 'எண்ணும் எழுத்தும்' வந்துது. ஒண்ணுலயிருந்து மூணு வரைக்கும் இருக்கற பிள்ளைகளை வயசை வெச்சுப் பார்க்காம, வாசிக்கற அளவை வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. பேர் அழகா இருக்குது. எல்லாத்துலயும் ஒரே நோக்கம்தான்: கூட்டத்துல ஒளிஞ்சிருக்கற பிள்ளையைத் தனியா வெளிய கொண்டாந்து அதோட வாயைத் திறக்க வைக்கறது. திட்டம் மேல இருந்து வரலாம். கேக்கற காது பக்கத்துல இருக்கோணும். வாத்தியாருக்கு ரெண்டு காதுதான், பாக்கிக் காது ஊட்ல இருக்கறவங்க குடுக்கோணும்.

அதனால இப்ப எங்க ஊட்ல ஒரு ஏற்பாடு. சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்ததும் பேத்தி திண்ணையில உக்காந்து பத்து நிமிசம் வாசிக்கோணும். பாடப் புத்தகம்னு இல்லை. விதைப் பொட்டலம், கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், எது கிடைச்சாலும் சரி. படத்தை மட்டும் மறைச்சுருவேன். நான் திருத்தறதில்லை, காது குடுக்கறேன். தடுமாறினா, "முதல்ல இருந்து ஒரே மூச்சுல சொல்லு"ம்பேன், அவ்வளவுதான்.

முந்தாநாள் அக்கா ஊருக்கு வந்திருந்துச்சு. பேத்தி ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வெச்சுக்கிட்டு, "மா... லை..."ன்னு இழுத்துட்டு நின்னா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்து அக்கா, "மாலை, சாமி. சாயங்காலம்"னுச்சு. புது 'லை'. நான் அக்காவைப் பார்த்தேன். அது பத்திரிகையைத்தான் பார்த்துட்டு இருந்துது. பாஸ்புக்கை என்கிட்ட நீட்டற அக்காதான்.

"இன்னொரு வரி படி"ன்னு சொன்னேன். யாரைச் சொன்னேன்னு நான் வெளக்கல. ரெண்டு பேரும் படிச்சாங்க.

உங்க ஊட்லயும் ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கற குழந்தை இருந்தா, 247-ம் தெரியுதான்னு கேக்காதீங்க. பத்து நிமிசம் பக்கத்துல உக்காந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. திண்ணை இல்லாட்டி வாசப்படி போதும்.

அடுத்த பதிவுல கத்தரி நாத்து எப்படி வந்துதுன்னு எழுதறேன். வரட்டுங்களா.